'வீ' என்றால் நாமா, நாங்களா? தமிழ் தெரிந்தவர்களைத் தடுக்கிவிடும் ஆங்கில பிரதிப்பெயர்கள்

வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போகிறது: 'வீ வில் ஃபிக்ஸ் திஸ் பை ஃப்ரைடே.' அனுப்பியவர் மனதில் இருந்தது, 'நாம சேர்ந்து வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்' என்பது. படித்தவர் எடுத்துக்கொண்டதோ, 'நாங்களே முடித்துக் கொடுத்துவிடுகிறோம்' என்று. வெள்ளிக்கிழமை வருகிறது. வேலை முடியவில்லை. இப்போது யார் பொறுப்பு?

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை கிடையாது. ஸ்பெல்லிங் சரி. கிராமர் செக் செய்யும் ஆப் கூட சிவப்புக் கோடு போடாது. சிக்கல் முழுக்க 'வீ' என்ற ஒரே ஒரு சின்னச் சொல்லில்தான்.

பள்ளியில் ப்ரோனவுன் என்றால் எட்டு வகை, ஒன்பது வகை என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்திருப்போம். பரீட்சை முடிந்ததும் பட்டியல் மறந்துபோச்சு. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை மெயில், எத்தனை மீட்டிங், எத்தனை இன்டர்வியூ? அத்தனையிலும் இந்தச் சொற்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தமிழ் பேசுகிறவர்கள் இவற்றில் தடுக்குவது பெரும்பாலும் கவனக்குறைவால் அல்ல. தமிழின் பிரதிப்பெயர்கள் கவலைப்படுகிற விஷயங்கள் வேறு, ஆங்கிலத்தின் பிரதிப்பெயர்கள் கவலைப்படுகிற விஷயங்கள் வேறு என்பதால்தான். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால், பட்டியலே தேவையில்லை.

இரண்டு மொழிகள், இரண்டு கவலைகள்

ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், அதற்குப் பதிலாக வைக்கும் சொல் பிரதிப்பெயர். தமிழ் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம். ஆங்கிலத்தில் ஃபர்ஸ்ட் பர்சன், செகண்ட் பர்சன், தேர்ட் பர்சன். இதுவரை இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் தமிழ் இன்னும் சில கேள்விகளைக் கேட்கும். எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு மரியாதை? நீயா, நீங்களா? பேசப்படும் ஆள் அவனா, அவரா? 'நம்ம' கணக்கில் எதிரில் இருப்பவர் உண்டா, இல்லையா?

ஆங்கிலம் இவற்றில் எதையும் கேட்காது. அதன் கேள்விகள் வேறு. இந்தச் சொல் வாக்கியத்தில் எங்கே நிற்கிறது, செய்பவர் இடத்திலா, வாங்கிக்கொள்பவர் இடத்திலா? ஆணா, பெண்ணா? ஒன்றா, பலவா?

இன்னொரு முக்கியமான வேறுபாடும் உண்டு. தமிழில் 'வந்தேன்' என்றாலே நான் என்பது அதற்குள் அடங்கிவிடும். வினையின் வால் சொல்லிவிடுகிறது. ஆங்கில வினைக்கு அந்த வசதி கிடையாது. 'கேம்' என்றால் வந்தது நானா, நீயா, அவர்களா என்று தெரியாது. அதனால் பிரதிப்பெயரை விடவே முடியாது. மழை பெய்வதைச் சொல்லக்கூட, எதையும் குறிக்காத ஒரு 'இட்' வைத்து 'இட் இஸ் ரெயினிங்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ரிசீவ்ட் த ஃபைல். வில் செக் அண்ட் அப்டேட்' என்று அவசரத்தில் எழுதும்போது, செக் செய்யப்போவது யார் என்பதே காணாமல் போய்விடுகிறது. சக ஊழியருக்கு அனுப்பும் சாட்டில் பரவாயில்லை. பத்துப் பேர் சிசி-யில் இருக்கும் மெயிலில், 'ஐ வில் செக்' என்பதற்கும் 'பிரியா வில் செக்' என்பதற்கும் உள்ள தூரம் பெரியது.

நாம், நாங்கள், வீ

'நாம் சாப்பிடப் போகிறோம்' என்றால் கேட்பவருக்கும் இலை உண்டு. 'நாங்கள் சாப்பிடப் போகிறோம்' என்றால் இல்லை. தெலுங்கிலும் 'மனம்', 'மேமு' என்று இந்தப் பிரிவினை இருக்கிறது. மலையாளத்தில் 'நம்மள்', 'ஞங்ஙள்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'வீ'.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆங்கிலமும் நாம், நாங்கள் வித்தியாசத்தைக் காட்டும். 'லெட்ஸ் கோ' என்று சுருக்கிச் சொன்னால் 'வா, போகலாம்', கேட்பவரும் சேர்த்தி. 'லெட் அஸ் கோ' என்று விரித்துச் சொன்னால் 'எங்களைப் போக விடுங்கள்' என்ற பொருளும் வரலாம். மற்ற இடங்களில் சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வேலை, பணம், கெடு சம்பந்தப்பட்ட இடத்தில் ஊகத்துக்கு இடம் கொடுப்பது ஆபத்து. வழி எளிது. மனதில் இருப்பது 'நாங்கள்' என்றால் 'வீ' இடத்தில் அணியின் பெயரைப் போடுங்கள்: 'த சப்போர்ட் டீம் வில் ஃபிக்ஸ் திஸ்.' மனதில் இருப்பது 'நாம்' என்றால் இரு பக்கத்தையும் பிரித்துச் சொல்லுங்கள்: 'யுவர் டீம் வில் ஷேர் த டேட்டா, அண்ட் வீ வில் டெஸ்ட் இட்.' யார் எதைச் செய்கிறார்கள் என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது.

'ஐ'யா, 'மீ'யா?

'ஐ' என்பது செய்பவர். 'மீ' என்பது செயலை வாங்கிக்கொள்பவர். ஹீ–ஹிம், ஷீ–ஹெர், வீ–அஸ், தே–தெம் என எல்லா ஜோடிகளுக்கும் இதே கதைதான். 'யூ', 'இட்' இரண்டும் மட்டும் எங்கே நின்றாலும் மாறாது.

தனியாக வரும்போது யாரும் தப்பு செய்வதில்லை. 'ஹீ கால்ட் ஐ' என்று யாரும் சொல்லமாட்டார்கள். கூட இன்னொரு பெயர் சேரும்போதுதான் தடுமாற்றம். 'த மேனேஜர் கால்ட் ரவி அண்ட் ஐ' என்பது கேட்க நாகரிகமாக இருக்கும், ஆனால் தவறு. கண்டுபிடிக்க வழி: 'ரவி அண்ட்' என்பதைத் தூக்கிவிட்டுப் படியுங்கள். 'த மேனேஜர் கால்ட் ஐ' என்று வருகிறதா? அப்படியானால் 'ரவி அண்ட் மீ' என்பதே சரி. 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்பதும் இதே ரகப் பிழை. 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்று இருக்க வேண்டும்.

தமிழை வைத்தும் சோதிக்கலாம். 'நானும் ரவியும்' என்று வந்தால் ஐ. 'என்னையும் ரவியையும்', 'எனக்கும் உனக்கும் நடுவில்', 'என்னிடம்' என்று வந்தால் மீ. ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பசி, தெரிதல், பிடித்தல், வேண்டுதல், முடிதல் போன்றவற்றைத் தமிழ் 'எனக்கு', 'என்னால்' என்று சொல்லும். 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்குது', 'என்னால முடியும்.' ஆங்கிலத்தில் இவை எல்லாமே 'ஐ நோ', 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ கேன்'. இந்த வகை வினைகளில் மட்டும் தமிழை நம்பாமல், பெயரைத் தூக்கிவிட்டுப் பார்க்கும் முதல் வழிக்கே போய்விடுவது நல்லது.

'மை ஃபாதர் ஹீ இஸ் எ டீச்சர்' என்பதும் அடிக்கடி காதில் விழும். 'அப்பா, அவர் டீச்சர்' என்று தமிழில் இழுத்துப் பேசும் வழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்துவிடுகிறது. ஒரு நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி. 'ஃபாதர்' இருக்கும்போது 'ஹீ' வேண்டாம்.

'மைசெல்ஃப் ரவி' ஏன் சரியில்லை?

இன்டர்வியூவில் 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்டதும், 'மைசெல்ஃப் ரவி' என்று ஆரம்பிப்பவர்கள் ஏராளம். கேள்வியில் 'யுவர்செல்ஃப்' வந்ததால் பதிலில் 'மைசெல்ஃப்' வர வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 'மைசெல்ஃப்' என்பது கண்ணாடியில் தெரியும் உருவம் மாதிரி. கண்ணாடிக்கு முன்னால் 'ஐ' நின்றால்தான் உள்ளே 'மைசெல்ஃப்' தெரியும். ஆள் இல்லாமல் பிம்பம் மட்டும் வராது. 'ஐ ஆம் ரவி' என்பதே போதும். ஃபோனில் என்றால் 'திஸ் இஸ் ரவி'.

இந்தச் சொற்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, செய்பவரும் அதை அனுபவிப்பவரும் ஒருவரே என்று காட்டுவது. 'ஷீ டாட் ஹெர்செல்ஃப் கோடிங்' என்றால் தனக்குத் தானே கற்பித்துக்கொண்டாள். இது ரிஃப்ளெக்ஸிவ். இன்னொன்று, அழுத்தம் கொடுப்பது. 'ஐ மைசெல்ஃப் செக்ட் இட்' என்றால் 'நானே பார்த்தேன்'. இது எம்ஃபாட்டிக். இரண்டையும் பிரிக்க, அந்தச் சொல்லை எடுத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் வாக்கியம் அதே பொருளில் நின்றால் அது அழுத்தத்துக்கு வந்தது. விழுந்துவிட்டாலோ பொருள் மாறிவிட்டாலோ ரிஃப்ளெக்ஸிவ்.

'ப்ளீஸ் சென்ட் த ஃபைல் டு மைசெல்ஃப்' என்று எழுதுவது பணிவாகத் தோன்றலாம். ஆங்கிலத்தில் பணிவு 'ப்ளீஸ்' என்பதிலேயே வந்துவிட்டது. அங்கே 'டு மீ' தான் சரி. 'ஹிஸ்செல்ஃப்', 'தேர்செல்வ்ஸ்' என்ற சொற்களும் பொதுவான எழுத்து ஆங்கிலத்தில் இல்லை. ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் என்பவையே உண்டு. ஒருவரிடம் பேசும்போது 'யுவர்செல்ஃப்', பலரிடம் 'யுவர்செல்வ்ஸ்'. 'யூ' மறைத்துவைக்கும் ஒருமை, பன்மை இங்கே வெளியே வந்துவிடும்.

மை, மைன், பிறகு அந்த 'இட்ஸ்'

'மை' பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் வேண்டும்: 'மை லேப்டாப்.' 'மைன்' தனியாக நிற்கும்: 'த லேப்டாப் இஸ் மைன்.' முன்னது 'என்', பின்னது 'என்னுடையது'. யுவர்–யுவர்ஸ், ஹெர்–ஹெர்ஸ், தேர்–தேர்ஸ் எல்லாம் இதே கணக்கு. 'ஹிஸ்' மட்டும் இரண்டு வேலையையும் தானே பார்க்கும். யுவர்ஸ், ஹெர்ஸ், தேர்ஸ் எதிலும் மேலே தொங்கும் அபாஸ்ட்ரஃபி குறி வரவே வராது. மெயில் முடிவில் போடும் 'யுவர்ஸ் சின்சியர்லி'யிலும் இல்லை.

இதே விதி 'இட்ஸ்' என்பதற்கும் பொருந்தும். 'அதனுடைய' என்று சொன்னால் குறி கிடையாது: 'த கம்பெனி சேஞ்ச்ட் இட்ஸ் லோகோ.' 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரிக்க முடிந்தால் மட்டுமே குறி. சந்தேகம் வந்தால் விரித்துப் பாருங்கள். 'த கம்பெனி சேஞ்ச்ட் இட் இஸ் லோகோ' என்று அபத்தமாக வந்தால், குறி வேண்டாம். 'ஹூஸ்' என்பதற்கும் இதே சோதனைதான்: 'யாருடைய' என்றால் அது குறியில்லாத தனிச்சொல், 'ஹூ இஸ்' என்பதன் சுருக்கம் என்றால் குறி உண்டு.

இந்த 'இட்ஸ்' ஆங்கிலத்தில் தாமதமாக வந்த சொல். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் தலைகாட்டியது. அதற்கு முன்பு உயிரற்ற பொருளுக்கும் 'ஹிஸ்' என்றே எழுதினார்கள்.

'இந்த' மாறாது, 'திஸ்' மாறும்

அருகில் இருப்பதற்கு 'இ', தொலைவில் இருப்பதற்கு 'அ' என்று தமிழில் சுட்டு இருக்கிறது. நடுவில் இருப்பதற்கு 'உ' என்றும் ஒன்று உண்டு; தமிழ்நாட்டுப் பேச்சில் அது மறைந்தாலும், யாழ்ப்பாணத் தமிழில் 'உது', 'உவர்' என்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டே தூரம்: திஸ், தட்.

தூரத்தில் பிரச்சினை இல்லை, எண்ணிக்கையில்தான் பிரச்சினை. தமிழில் 'இந்த ஃபைல்', 'இந்த ஃபைல்கள்' இரண்டுக்கும் ஒரே 'இந்த'. ஆங்கிலத்தில் ஒன்று என்றால் திஸ், தட். பல என்றால் தீஸ், தோஸ். 'திஸ் ஃபைல்ஸ் ஆர் பெண்டிங்' என்ற பிழை அந்த மாறாத 'இந்த'விலிருந்து வருவதுதான். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் இவை அடைமொழி, தனியாக நின்றால் பிரதிப்பெயர். பெயர் எதுவானாலும் ஒருமை பன்மை விதி ஒன்றே.

அவர் ஆணா, பெண்ணா?

'புது மேனேஜர் திங்கள்கிழமை சேர்றாராம். அவர் பெங்களூர்லேர்ந்து வர்றார்.' இதை ஆங்கிலத்தில் சொல்ல ஹீ, ஷீ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தமிழின் 'அவர்' இலக்கணப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெயரை மட்டும் பார்த்து 'ஹீ' என்று எழுதிவிட்டு, மீட்டிங்கில் அவர் பெண் என்று தெரியவரும்போது ஏற்படும் சங்கடம் சின்னதல்ல.

இதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு வழி உண்டு: ஒருமை 'தே'. 'த நியூ மேனேஜர் ஜாயின்ஸ் ஆன் மண்டே. தே ஆர் கமிங் ஃப்ரம் பெங்களூரு.' ஒருவர்தான், ஆனாலும் 'தே ஆர்'. தமிழர்களுக்கு இது புதிதே அல்ல. 'மேடம் வந்திருக்காங்க' என்று ஒருவரைப் பன்மையில் சொல்வது நம் தினசரிப் பேச்சு. வித்தியாசம் ஒன்றுதான். நாம் பன்மையை மரியாதைக்காகப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலம் பால் தெரியாதபோது அல்லது சொல்ல வேண்டாத போது பயன்படுத்துகிறது. அதனால் மேடம் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, மரியாதைக்காக 'தே' போடத் தேவையில்லை. 'ஷீ இஸ் இன் எ மீட்டிங்' என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஒருமை 'தே' நேற்று முளைத்ததும் அல்ல. 14ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே அது காணப்படுகிறது. 'தே' என்ற சொல்லே இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியிலிருந்து கடன் வாங்கியது. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'தே'யை அந்த ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதே ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து நடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பும் அதை ஏற்றுப் பரிந்துரைத்தது. தம்மை ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடக்க விரும்பாதவர்கள் பலர் 'தே' என்றே அழைக்கக் கேட்கிறார்கள். பன்னாட்டு நிறுவனங்களில் மெயில் கையெழுத்துக்குக் கீழே 'ஷீ / ஹெர்', 'தே / தெம்' என்று இருப்பதைப் பார்த்திருக்கலாம். எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே பயன்படுத்துவதுதான் மரியாதை.

சட்டமும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, 'ஹீ' என்ற சொல் ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அந்த விளக்கத்தில் திருநரும் சேர்க்கப்பட்டார்கள். சொல் மாறவில்லை, அது யாரையெல்லாம் குறிக்கும் என்பதுதான் மாறியிருக்கிறது.

'யூ'வில் மரியாதை எங்கே போச்சு?

பாஸை 'யூ' என்று சொல்ல ஆரம்பத்தில் பலருக்குக் கூச்சமாக இருக்கும், 'நீ' என்று சொல்வது போல. உண்மையில் 'யூ' என்பது 'நீ' அல்ல, 'நீங்கள்'. பழைய ஆங்கிலத்தில் 'நீ'க்கு 'தௌ' என்று தனிச்சொல் இருந்தது. பிறகு மரியாதைக்காக ஒருவரையும் பன்மையில் அழைக்கும் வழக்கம் வந்தது, நம் 'நீங்கள்' மாதிரியே. 1603இல் வால்டர் ராலே மீதான தேசத்துரோக வழக்கில், அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் வேண்டுமென்றே அவரைத் 'தௌ' என்று விளித்து அவமதித்தார். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு காரம் இருந்தது. காலப்போக்கில் எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைத்து, 'நீ' பொது வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. ஆகவே 'யூ' என்று சொல்ல யாரிடமும் தயங்க வேண்டாம். ஆங்கிலத்தில் மரியாதை பிரதிப்பெயரில் இல்லை. 'குட் யூ', 'வுட் யூ' என்று கேட்கும் விதத்தில் இருக்கிறது.

ராஜினாமா செய்யப்போவது யார்?

'ரவி டோல்ட் குமார் தட் ஹீ ஷுட் ரிசைன்.' இதில் 'ஹீ' யார்? ரவியா, குமாரா? வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் பதில் கிடைக்காது. தமிழில் இந்தக் குழப்பமே வராது. 'தான் ராஜினாமா செய்ய வேண்டும் என்று ரவி குமாரிடம் சொன்னார்' என்றால் ரவி. 'அவர் ராஜினாமா செய்ய வேண்டும் என்று' என்றால் வேறொருவர். தமிழின் 'தான்' செய்யும் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஆள் இல்லை.

புகார்க் கடிதம், மீட்டிங் மினிட்ஸ், விசாரணைக் குறிப்பு போன்றவற்றில் இது விளையாட்டான விஷயம் அல்ல. ஒரே பாலைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே வாக்கியத்தில் வந்தால், 'ஹீ', 'ஷீ' வேண்டாம். பெயரையே மறுபடி எழுதுங்கள். 'ஆங்கிலத்தில் ஒரே பெயரைத் திரும்ப எழுதக்கூடாது' என்று பள்ளியில் சொன்னது அழகுக்காக. ஒருவருடைய வேலை சம்பந்தப்பட்ட இடத்தில் அழகைவிடத் தெளிவு முக்கியம். 'திஸ் இஸ் நாட் அக்செப்டபிள்' என்று மொட்டையாக எழுதும்போதும் இதே சிக்கல்தான். எது ஏற்கத்தக்கதல்ல? 'திஸ் டிலே', 'திஸ் பிரைஸ்' என்று ஒரு சொல் சேர்த்தால் தெளிந்துவிடும்.

'ஹூ', 'விச்', ஒரு காற்புள்ளி

கேள்வி கேட்க வரும் ஹூ, விச், வாட் ஆகியவை இன்டராகேட்டிவ். 'ஹூ' என்றால் யார்; 'ஹூம்' என்றால் யாரை, யாருக்கு. பேச்சில் 'ஹூம்' குறைந்துவிட்டது. 'டு ஹூம்' என்ற இடத்தில் மட்டும் உறுதியாக நிற்கிறது.

இதே சொற்கள் வாக்கியத்துக்கு நடுவில் வந்து இரண்டு செய்திகளை இணைத்தால் ரிலேட்டிவ். இங்கே தமிழர்களுக்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். ஏனென்றால் தமிழ் இந்த வேலையைப் பெயரெச்சத்தால் முடித்துவிடும்: 'நேத்து வந்த கிளையன்ட்', 'நீங்க அனுப்பின ஃபைல்.' விளக்கம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் தலைகீழ்: 'த கிளையன்ட் ஹூ கேம் யெஸ்டர்டே', 'த ஃபைல் விச் யூ சென்ட்'. பழக்கதோஷத்தில் 'த ஃபைல் விச் யூ சென்ட் இட்' என்று ஓர் 'இட்' ஒட்டிக்கொள்ளும். 'விச்' என்பதே அந்த ஃபைல்தான். இன்னொரு 'இட்' தேவையில்லை.

காற்புள்ளி இங்கே பணத்தையே மாற்றும். 'த எம்ப்ளாயீஸ் ஹூ ஒர்க்ட் ஆன் சண்டே வில் கெட் எ போனஸ்' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், ஞாயிறு வேலை செய்தவர்களுக்கு மட்டும் போனஸ். 'ஹூ ஒர்க்ட் ஆன் சண்டே' என்பதற்கு முன்னும் பின்னும் காற்புள்ளி போட்டால், எல்லோருமே ஞாயிறு வேலை செய்தார்கள், எல்லோருக்கும் போனஸ் என்று பொருள். தமிழில் 'ஞாயிறு வேலை செய்த ஊழியர்களுக்கு' என்றால் அந்த வித்தியாசம் எழுத்தில் தெரியாது. அதனால்தான் காற்புள்ளியைச் சும்மா தூவிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது.

'எல்லாரும்' பன்மை, 'எவ்ரிஒன்' ஒருமை

'எல்லாரும் வந்துட்டாங்க.' தமிழில் பன்மை. ஆங்கிலத்தில் எவ்ரிஒன், எவ்ரிபடி, சம்ஒன், எனிஒன், நோபடி ஆகிய எல்லாமே ஒருமை. 'எவ்ரிஒன் ஹாவ் கம்' அல்ல, 'எவ்ரிஒன் ஹாஸ் கம்'. ஈச், ஐதர், நைதர் என ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் சொற்களும் ஒருமையே. 'ஈச் ஆஃப் த ஃபைல்ஸ் இஸ் செக்ட்.' 'ஒன் ஆஃப்' என்பதற்குப் பின்னால் பெயர் பன்மையில், வினை ஒருமையில்: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் இன் துபாய்.' பல நண்பர்களிலிருந்து ஒருவரை எடுக்கிறோம். கூடை பன்மை, கையில் எடுத்தது ஒருமை.

இன்னொரு பிழை இருமுறை மறுப்பது. 'யாரும் வரலை' என்பதில் 'யாரும்' மறுக்கவில்லை. 'வரலை' தான் மறுக்கிறது. ஆங்கிலத்தில் 'நோபடி' என்ற சொல்லே மறுத்துவிடுகிறது. 'நோபடி டிட் நாட் கம்' என்றால், வராதவர் ஒருவருமில்லை, அதாவது எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம் போய்விடும். 'நோபடி கேம்' போதும்.

கடைசி வகை ரெசிப்ரோகல்: 'ஈச் அதர்', 'ஒன் அனதர்'. நம் 'ஒருவரையொருவர்'. இரண்டு பேர் என்றால் முன்னது, அதற்கு மேல் என்றால் பின்னது என்று பள்ளியில் சொல்லித்தருவார்கள். இன்றைய ஆங்கிலத்தில் அந்தக் கோட்டை யாரும் கறாராகப் பார்ப்பதில்லை. பரீட்சை எழுதுபவர்கள் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

'சென்ட்' அழுத்துவதற்கு முன்

வகைகளின் பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை. முக்கியமான மெயிலை அனுப்பும் முன், இந்த ஐந்து கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

• 'வீ' என்று எழுதிய இடத்தில் மனதில் இருப்பது நாமா, நாங்களா? படிப்பவருக்கும் அதுவே புரியுமா?

• ஒவ்வொரு ஹீ, ஷீ, இட், திஸ் என்பதற்கும் யார், எது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா?

• 'அண்ட் ஐ', 'அண்ட் மீ' வரும் இடத்தில், கூட இருக்கும் பெயரைத் தூக்கினால் வாக்கியம் நிற்கிறதா?

• 'மைசெல்ஃப்' இருந்தால், அதே வாக்கியத்தில் அதற்கு முன் 'ஐ' இருக்கிறதா?

• ஆளைத் தெரியாமலேயே 'ஹீ' என்று எழுதிவிட்டோமா?

இந்த ஐந்தில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால், இரண்டாவதைக் கேளுங்கள். யார், எது என்று விரல் வைத்துக் காட்ட முடியாத பிரதிப்பெயர் எங்கே கண்ணில் பட்டாலும், அதை அழித்துவிட்டுப் பெயரை எழுதிவிடுங்கள். ஒரு சொல் கூடுதலாகும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை 'நீங்கதானே செய்றேன்னு சொன்னீங்க' என்ற வாக்குவாதத்தைவிட அது லாபம்.